ஏழுமலை யாருப்பா?

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த மறுவாரம், பெங்களூரு விமான நிலையத்தில் நடந்தது இது. அதற்கு முன்பு அந்த இடத்தை நான் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. அதனால் விமானம் ஏறத் தெரியாதவன் கதை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, யாரையும் நம்பத் தெரியாதவன் கதை.

நான் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் வாங்காதவனைக் கூட்டத்தில் அவன் ஜன்னல் பக்கம் பார்க்கும் பார்வையை வைத்தே பிடித்துவிடுவேன் என்று டிப்போவில் எனக்கு நல்ல பெயர். அதே குணத்துக்கு வீட்டில் வேறு பெயர், சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பேன். சிரிக்காவிட்டால் தண்ணீரில் பால் என்பேன்.

என் மனைவி பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாள். கரி போட்ட பெட்டி. கல்யாணமான புதிதில் தொடங்கியது, இன்றும் அந்தச் சூட்டுக்கு முன்னால்தான் நிற்கிறாள். அவளுக்கு ஒரே ஆசை, மலையில் கொட்டிக் கிடக்கும் பனியில் ஒரு தடவை இரண்டு கையையும் வைத்துப் பார்க்க வேண்டும். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான், "மீன்காரரு பெட்டியில ஐஸு இருக்கு, போய் வெச்சுக்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். வடக்கே அவ்வளவு தூரம் ரயிலில் போய் வருவதற்குள் அவளுடைய வாடிக்கையெல்லாம் அடுத்த தெரு வண்டிக்குப் போய்விடும். அதனால் அது நடக்காத காரியம் என்றே இருவரும் முடிவு கட்டியிருந்தோம்.

இதற்கிடையில் எங்கள் தெருவுக்கு ஏதோ ஆகிவிட்டது. முன்பெல்லாம் டூர் என்றால் திருப்பதி, வேளாங்கண்ணி, மிஞ்சிப்போனால் ஒகேனக்கல். இப்போது தண்ணீர் கேன் போடுகிறவர் கோவாவில் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ அனுப்புகிறார். கீரை விற்கிற அம்மாள் வெள்ளிக்கிழமை கடை அடைத்துவிட்டுக் காசிக்குப் போய், செவ்வாய்க்கிழமை வந்து கீரை விற்கிறார். எல்லாம் இந்தக் குறைந்த கட்டண விமானம் செய்த வேலை. போனவர்கள் அத்தனை பேரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பஸ்ஸு மாதிரிதான் அண்ணா." பஸ்ஸில் என்னவெல்லாம் நடக்கும் என்று தெரிந்தவனிடம் சொல்லக் கூடாத ஆறுதல் அது.

என் மகள் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறாள். ஒருநாள் அவள் செல்போனை நீட்டி, பெங்களூரிலிருந்து சண்டிகர், அங்கிருந்து காரில் மணாலி என்றாள். கட்டணத்தைப் பார்த்தேன். ஏசி ஸ்லீப்பர் பஸ்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

"உக்காந்துனு போறதா, நின்னுனு போறதா?" என்று கேட்டேன்.

"றெக்கையில தொங்கினு போறது. சும்மா இருப்பா" என்று அவள் டைப் அடிக்க ஆரம்பித்தாள். பிறகு, "லாஸ்ட் நேம் கேக்குதுப்பா" என்றாள்.

"எனக்கு இருக்கறதே ஒரு பேரு. அதுல மொதல் இன்னா, கடைசி இன்னா?"

"இனிஷியல் ஒரு எழுத்துப் போட்டா எடுக்க மாட்டேங்குது. தாத்தா பேரைப் போட்டுடறேன். அம்மாவுக்கும் அதேதான்."

போட்டாள். அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், வர வேண்டிய இடத்தில் மட்டும் என் சந்தேகம் வராது.

பெட்டியைக் கவுண்டரில் கொடுத்துவிடலாம், அது தனியாக விமானத்தின் வயிற்றில் வரும் என்று மகள் சொன்னாள். கையை விட்டுப் போன பை முழுசாகத் திரும்பிய சரித்திரம் என் சர்வீஸில் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் ஆளுக்கு ஏழு கிலோ கைப்பைதான். மணாலிக் குளிருக்கு வாங்கிய துணிகளே அதைத் தாண்டின. ஆகவே மிச்சத்தை உடம்பில் ஏற்றினோம். பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், தலையில் மங்கி கேப். அன்றைக்குப் பகலில் பெங்களூரில் நல்ல வெயில். வந்தவர் போனவர் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் விடாமல் ஒவ்வொருவரையும் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தேன்.

சோதனை செய்யுமிடத்தில் என்னை வெங்காயம் மாதிரி உரித்தார்கள். ஒவ்வொரு ஸ்வெட்டருக்கும் அந்தக் காவலர் என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் பனியனோடு நின்றபோது, "இன்னும் இருக்கா?" என்று அவர் இந்தியில் கேட்டது எனக்கே புரிந்தது. மனைவி வேறு பக்கம் திரும்பி, இந்த ஆளை யாரென்றே தெரியாது என்பது போல நின்றுகொண்டாள்.

உள்ளே போனால் தெருக்காரர்கள் சொன்னது சரிதான், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குக் கண்ணாடி போட்டது போல இருந்தது. கட்டட வேலை முடித்து ஊருக்குப் போகிற வட இந்தியப் பையன்கள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம், புளிசாதப் பொட்டலம் பிரிக்கும் ஒரு கும்பல். சீட்டில் அச்சடித்திருந்த கேட்டுக்கு எதிரிலேயே இடம் பிடித்து, இரண்டு பைகளின் வாரையும் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆங்கிலத்தில் தொடங்கி, கீழே தொட்டுத் திறக்க ஏதோ நீலக் கோடு. நம்மை அன்புள்ள என்று அழைக்கிறவன் யோக்கியனாக இருக்க மாட்டான். உடனே அழித்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதையும் அழித்துவிட்டு, "பேங்க் கணக்கைச் சுரண்டப் பாக்கறானுங்க" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அப்போதுதான் எதிர் இருக்கையில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். என் வயதுக்குச் சற்றுக் குறைவு. பெரிய மீசை, கழுத்தில் துண்டு, மடியில் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அடிக்கடி குனிந்து முகர்ந்தார். போனில் யாரிடமோ தணிந்த குரலில், "பொடி பத்திரமா இருக்கு. செக்கிங்ல நோண்டிப் பாத்தாங்க, அப்புறம் விட்டுட்டாங்க" என்றார்.

பொடி. நான் மனைவியின் முழங்கையை இடித்தேன். அவள், "இட்லிப் பொடியா இருக்கும்" என்றாள். இட்லிப் பொடியை எவனாவது இத்தனை ரகசியமாகக் கொண்டு போவானா?

அவர் போனை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணா, தமிழா? நமக்கு ஆனேக்கல். எந்த ஊருக்குப் போறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "நான் சண்டிகர்" என்றார்.

நாங்களும் சண்டிகர் என்று சொன்னால் என்ன ஆகும்? இந்தப் பெட்டியைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்பார். பெட்டி நம் கைக்கு வரும். அப்புறம் நாம் போலீஸ் கைக்குப் போவோம். வாயில் வந்த ஊரைச் சொன்னேன்: "கல்கத்தா."

அவர் என் இரண்டு ஸ்வெட்டர்களையும் ஒரு நிமிடம் பார்த்தார். "உங்க பேரு?"

எங்கள் பழைய டிப்போ மேலாளரின் பெயரைச் சொன்னேன். ஏதாவது விவகாரம் வந்தாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரட்டும் என்ற நல்லெண்ணம்தான். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அவளுடைய இஸ்திரிப் பெட்டியின் அத்தனை கரியும் இருந்தது.

அவர் அத்தோடு விடவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து வரிசையில் ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டார். துடைப்பம் தள்ளி வந்தவரிடம் கன்னடத்தில் கேட்டார். மொட்டைத் தலைக் குடும்பத்திடம் கேட்டார். சீட்டைக் காட்டிக் காட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஆள் பிடிக்கிறான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். திரும்பி வந்து, "எங்களுது கேட்டு மாத்திட்டாங்களாம் அண்ணா, அந்தக் கோடியில. நான் கௌம்பறேன். உங்க கல்கத்தா இங்கயே வரும்போல, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு போனார்.

"பாத்தியா, போயிட்டான்" என்றேன்.

"நம்ப கேட்டும் மாறிச்சோ இன்னாவோ. எழுந்து கேளேன்."

"சீட்டுல அச்சடிச்சிருக்கு. அச்சுல இருக்கறதை ஒருத்தன் வாயால மாத்த முடியுமா?"

இந்த விமான நிலையத்தில் ஒலிபெருக்கி அதிகம் அலறுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு இளம்பெண், கையில் ஒரு கருவியோடு இருக்கை வரிசைகளுக்கு நடுவே, "சண்டிகர், சண்டிகர், லாஸ்ட் கால்" என்று கூவிக்கொண்டே வந்தாள். மனைவி எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

இதில் எனக்கு ஒரு தொழில் விதி உண்டு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில், கலாசிபாளையத்தில், எங்கே பார்த்தாலும், அரசாங்க வண்டியில் ஏறப் போகிறவன் கையைப் பிடித்து, "சேலம், சேலம், ஒரே சீட்டு" என்று இழுத்துக்கொண்டு போகிறவன் தனியார் வண்டிப் புரோக்கர். கூவிக் கூப்பிடுகிறவன் வண்டியில் ஏறாதே. அந்தப் பெண் வேறு கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறாள் என்று மனைவிக்கு விளக்கினேன்.

"நீ இன்னாய்யா பண்ண இத்தினி வருசம்? மெஜஸ்டிக், மெஜஸ்டிக்னு நீ கூவலையா?" என்றாள் அவள்.

"அது கவர்மெண்ட் வண்டி."

அந்தப் பெண் எங்கள் அருகிலேயே வந்து நின்று, கருவியைப் பார்த்து, "மிஸ்டர் அண்ட் மிசஸ் எஜுமலாய்? எஜுமலாய்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஏதோ மலேசியாப் பக்கத்து ஜோடி, தேன்நிலவுக்கு வந்து எங்கேயோ கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள் போல. "பாரு, இவங்களால வண்டியே லேட்டாவுது. நம்ப பஸ்ஸா இருந்தா விசில் ஊதிட்டுப் போயிருப்பேன்" என்று மனைவியிடம் சொன்னேன். அந்தப் பெண் கூவிக்கொண்டே வந்த வழியே ஓடினாள்.

பிறகு அங்கே ஒரு மாதிரி அமைதி. எங்களைச் சுற்றி இருந்தவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தால் எல்லாரும் வேறு ஏதோ ஊருக்குப் போகிறவர்கள். கேட்டில் எங்கள் விமானத்துக்கு வரிசையே இல்லை. மலிவு டிக்கெட், லேட்டாகத்தான் வரும் என்று சொன்னேன். மனைவியின் மடியில் ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை. அதைப் பிரித்து, நீவி, மறுபடி மடித்தாள். பனியைத் தொடப் போகிறவளுக்குக் கையுறை எதற்கு என்று நான்தான் கேலி செய்திருந்தேன். அவள் அப்படி நீவியதைப் பார்த்தபோது, இந்த விமானம் போய்விட்டால் அடுத்ததை நாங்கள் எந்த ஜென்மத்திலும் வாங்க மாட்டோம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியும் எழுந்து போய் யாரையாவது கேட்க எனக்குக் கால் வரவில்லை. கேட்டால், இத்தனை நேரம் நான் தப்பு என்று ஆகிவிடுமே.

அப்போது கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏழுமலை! இங்க ஏழுமலை யாருப்பா?"

நல்ல ழகரத்தோடு, வயல்வெளியில் கூப்பிடுகிற மாதிரி. என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "இருக்காரு."

ஏழுமலை என் அப்பாவின் பெயர். ஆற்காட்டுப் பக்கமிருந்து கூலி வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர். அவருக்குக் காது மந்தம். காக்ஸ் டவுன் பக்கம் கட்டட வேலைக்குக் காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடும்போது, பக்கத்தில் நின்று அவருக்குப் பதிலாக "இருக்காரு" என்று குரல் கொடுக்கிற வேலை என்னுடையது. குரல் தவறினால் அன்றைக்குக் கூலி இல்லை. அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. பதில் மட்டும் வாயிலேயே தங்கியிருந்திருக்கிறது.

கூப்பிட்டவர் மீசைக்காரர்தான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் எழுந்து நின்று, அறிவாளியாக, "அவரு இல்லைங்களே, எறந்துட்டாரே" என்றேன்.

"அண்ணா, சண்டிகர் ஃப்ளைட்டு உங்களுக்காக நிக்குது" என்றார் அவர்.

மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. "தாத்தா பேரைப் போட்டாளேயா உன் மவ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பைகளையும் தூக்கினாள். பையின் வார் என் காலில் சுற்றியிருந்ததால் நான் அங்கேயே ஒரு தடவை விழுந்து எழுந்தேன். பிறகு ஓடினோம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடிப் பாருங்கள், பனியும் வேண்டாம் மலையும் வேண்டாம் என்று ஆகிவிடும். அந்தக் கோடியில் கூவிக்கொண்டு வந்த அதே பெண், கதவில் கை வைத்தபடி நின்றிருந்தாள். "சார், கேட்டு மாறுச்சுன்னு ரெண்டு மெசேஜ் போட்டோமே, எத்தன தடவ கூப்ட்டேன்" என்று அழாத குறையாகச் சொல்லிச் சீட்டைக் கிழித்தாள். மெசேஜை விட்டுவிட்டால், முப்பது வருடம் நான் பயணிகளிடம் சொன்ன அதே வசனம்.

விமானம் வரை போகிற பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். ஏறிக் கம்பியைப் பிடித்ததும் மூச்சு வாங்கியபடியே, "ரைட், போலாம்" என்று குரல் கொடுத்துவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ஏனு சார், கண்டக்டரா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். வண்டி நகர்ந்தது.

மீசைக்காரரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "கல்கத்தான்னு சொன்னேன்" என்றேன்.

"சொட்டரு மேல சொட்டரு போட்டுனு எவன்ணா கல்கத்தா போவான்? இன்னாவோ சொல்லப் புடிக்கலன்னு விட்டுட்டேன். அங்க கேட்டுல அந்தப் பொண்ணு ரெண்டு பேர் வரலன்னு சொல்லி எஜுமலாய், எஜுமலாய்னுச்சு. அந்த மிஷினை வாங்கிப் பாத்தா நம்ப ஏழுமலை. சட்டுனு உங்க ஞாபகம் வந்துது."

"ஏன், என் பேரை வேற சொன்னேனே."

"பேரு கேட்டா யாராவது யோசிச்சுச் சொல்வாங்களா அண்ணா?"

மனைவி புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கதவு மூடியிருந்தா நீங்களும்தானே மாட்டியிருப்பீங்க" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார். சண்டிகரில் அவர் மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. மருமகன் பட்டாளத்தில், மகளோடு துணைக்கு யாருமில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப் பொடியை அவர் மனைவி இடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். சுக்கும் மிளகும் வாசனை போய்விடுமோ என்றுதான் அடிக்கடி முகர்ந்து பார்த்தாராம். "மூடிட்டு இருந்தாங்க. ஒரு நிமிசம் நில்லும்மா, என் பொட்டியைப் புடிச்சுக்கோன்னேன். அது பொட்டியை வாங்காது, ரூல் இல்லன்னுச்சு. அதான் தூக்கினே ஓடியாந்தேன்."

நான் கடைசியாக இருந்த சந்தேகத்தையும் கேட்டுவிட்டேன். எதற்காக வந்த உடனே எங்கள் ஊர், பேர் எல்லாம் விசாரித்தார்?

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "எனக்கு இதான் மொத தடவ. நீங்க கால் மேல கால் போட்டுனு கெத்தா உக்காந்திருந்தீங்க. நெறைய போய்ப் பழக்கம்னு நெனச்சேன். சண்டிகர்னா உங்க பின்னாலயே ஏறிக்கலாம்னு பாத்தேன்."

கால் மேல் கால் போட்டிருந்தது கெத்தினால் அல்ல, பையின் வாரைக் காலில் சுற்றியிருந்ததால். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மனிதருக்கு என்மேல் இருந்த ஒரே மரியாதை அது.

விமானத்தில் நான் ஒரு கோடி, மனைவி ஒரு கோடி, அவர் எங்கேயோ நடுவில். சண்டிகரில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை. என் பெயரைக் கேட்டதற்காக அவரைத் திருடன் என்று நினைத்த எனக்கு இது வேண்டியதுதான்.

மணாலியில் எங்களைக் கூட்டிப் போன டிரைவர், முன்பெல்லாம் தெற்கத்திக்காரர்களை எப்போதாவது பார்ப்போம், இப்போது வாராவாரம் வந்து இறங்குகிறீர்கள் என்றார். மலைப்பாதையில் ஒரு கடையில் இட்லி கிடைக்கும் என்று பலகையே தொங்கியது. வாங்கித் தின்றேன். அந்த இட்லியைப் பற்றிய என் சந்தேகம் மட்டும் வீண்போகவில்லை.

மறுநாள் பனி கொட்டிக் கிடந்த சரிவில் என் மனைவி கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உட்கார்ந்தாள். கரிச்சூட்டில் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளையும் பனியில் அழுத்தி வைத்தாள். எடுக்கவே இல்லை. "சுடுதுய்யா" என்றாள். நான் பக்கத்தில் கையுறையோடு நின்றேன். ஏழு மலையைப் பெயரில் வைத்துக்கொண்டு, திருப்பதியைத் தவிர ஒரு மலையும் பார்க்காமல் போன என் அப்பாவை, எப்படியோ டிக்கெட்டில் ஏற்றி இங்கே கூட்டி வந்துவிட்டோம் என்று தோன்றியது.

என் சந்தேக புத்தி போய்விட்டது என்று சொன்னால் என் மனைவியே இந்தப் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதுவாள். பால்காரர் சிரித்தால் இன்றும் பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறேன். ஆனால் தெருவில் யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது என் பெயர் இல்லை என்று தெரிந்தும் ஒரு முறை நின்று திரும்பிவிடுகிறேன். யார் கண்டார்கள், ஓடி வந்து கூப்பிடுகிறவருக்கு என் அப்பாவின் பெயர் மட்டுமே தெரிந்திருக்கலாம்.